மூன்றாவது வரிசை, பதினோராவது குழி

போத்கோர்ஸ்க் என்றால் மலையடியில் இருக்கும் ஊர் என்று அர்த்தம். ஊர் இருப்பதோ மலை மேலே. நாற்பத்தோரு வருஷமாக அப்படித்தான் இருக்கிறது, யாரும் அதைப் பற்றி அலட்டிக்கொண்டதில்லை. பழைய ஊர் கீழே வோல்கா ஆற்றை ஒட்டி இருந்தது. அணை கட்டினார்கள், தண்ணீர் ஏறியது, ஜனங்கள் வீடு வாசல், ஆடு மாடு, செத்தவர்களின் எலும்பு உட்பட எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்கள். பெயரை மாற்ற மட்டும் யாருக்கும் கை ஒழியவில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம் செப்டம்பரில் மதகுகளைப் பழுது பார்க்க நீர்த்தேக்கத்தை வடித்தார்கள். ஒன்பது நாள், அதற்கு மேல் ஒரு மணி நேரம் கூடக் கிடையாது என்று அறிவிப்பு ஒட்டினார்கள். மூன்றாம் நாள் பழைய ஊர் சேற்றுக்குள்ளிருந்து தலை நீட்டியது. உருளைக்கிழங்கு தோண்டுகிற வேலையை அப்படியே போட்டுவிட்டு மொத்த ஊரும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கியது. ஆளுக்கொரு தாள் கையில். அருங்காட்சியகத்தில் சுவரில் தொங்கும் பழைய ஊர் வரைபடத்தை, அங்கே வேலை பார்க்கும் ரிம்மா நகலெடுத்துக் கொடுத்திருந்தாள். வரைபடத்தின் வலது மூலையில் வரைந்தவரின் பெயர்: லியோந்தி மகாரிச்.

அன்று மத்தியானத்துக்குள் ரகளை ஆரம்பித்துவிட்டது.

"மகாரிச்! நீங்களே வந்து ஒரு நியாயம் சொல்லுங்க!" என்று சேற்று நடுவிலிருந்து சவேலி கத்தினார். டிராக்டர் ஓட்டுகிறவர், குரலும் டிராக்டர் குரல்தான். "உங்க படத்துல இது எங்க வீடு. இந்தம்மா என்னடான்னா இது அவங்க அடுப்புங்கிறாங்க!"

"எங்க அடுப்பேதான்!" என்றாள் மருந்துக்கடைக்காரி. "செங்கல்ல ஆணியால குதிரை கீறி வச்சது நான். அடி வாங்கினதும் நான். இந்தா பாருங்க குதிரை!"

குதிரை இருந்தது. மூன்று காலோடு இருந்தது. லியோந்தி தாளைப் பார்த்தார், செங்கல்லைப் பார்த்தார், தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப எங்க வீடு எங்கய்யா?" என்றார் சவேலி.

"இருக்கும்... கொஞ்சம் தள்ளி" என்றார் லியோந்தி.

"எந்தப் பக்கம் தள்ளி?"

கோயிலின் அடித்தளத்துக்கு இடது பக்கம் பொதுக் குளியலறை இருக்க வேண்டும் என்று போனார், ஓடை இருந்தது. ஓடையைத் தாண்டினால் ரொட்டிக் கிடங்கு என்று தாண்டினார், வெறும் மணல். அறுபத்து மூன்று வயசு மனுஷர், பிறந்த ஊருக்குள்ளேயே கண்ணைக் கட்டி விட்ட மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், வரைஞ்சவருக்கே வழி தெரியலயா என்று.

விஷயம் இதுதான். அந்த வரைபடம் பொய். அது பொய் என்று லியோந்திக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் அவருக்கு அதுதான் உத்தியோகம். இருபத்தோரு வயசில் நில அளவை அலுவலகத்தில் சேர்ந்தபோது அவரை ஒரு ஜன்னல் இல்லாத அறையில் உட்கார வைத்தார்கள். சரியான படம் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும், அதைப் பார்க்கத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். மற்றவர்களுக்குக் கொடுக்கிற படத்தில் பிழை செய்து வைக்க வேண்டும். எதிரி வந்தால் வழி தப்ப வேண்டுமாம். சும்மா ஏனோதானோ என்று செய்யவும் கூடாது. படத்தில் கட்டம் போட்ட ஒவ்வொரு சதுரத்துக்கும் மூன்று பிழை என்று கணக்கு. தெருவைக் கொஞ்சம் வளைக்கலாம், ஓடையை நகர்த்தலாம், கட்டடத்தை எதிர்ப் பக்கம் தூக்கி வைக்கலாம். இருபத்தேழு வருஷம் அதைச் செய்தார். இதை வெளியே மூச்சு விட மாட்டேன் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தார். அந்த அலுவலகம் போய்விட்டது, அந்தத் தேசமே போய்விட்டது. கையெழுத்து மட்டும் வயிற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது.

அதுகூடப் பரவாயில்லை. பொய்யையே திரும்பத் திரும்ப வரைந்ததில் எது நிஜம், எது தான் செய்த பிழை என்று அவருக்கே மறந்துபோயிருந்தது. பழைய ஊரை நினைத்தால் மனசுக்குள் வருவது ஊர் அல்ல, அந்தத் தாள்.

ரிம்மா ஓடி வந்தாள். நாற்பது வயசுக்காரி, எப்போதும் அழுதுவிடுவாள் போல இருப்பவள். "லியோந்தி மகாரிச், ஜனங்க என்னைக் கிழிக்கிறாங்க. படம் தப்புங்கிறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"சேறும்மா" என்றார் அவர். "சேறு எல்லாத்தையும் நகர்த்திடும்."

"அடுப்பையுமா?"

அவர் மேலே ஏறத் தொடங்கினார்.

வீட்டில் அக்கா கிளாஃபிரா காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். எழுபத்து மூன்று வயசு. கால் இரண்டும் வீங்கி, வாசற்படி இறங்குவதே பெரும்பாடு. அவள் புருஷன் போய், இவர் மனைவியும் போனபிறகு அக்காவும் தம்பியுமாக ஒரே வீட்டில் இருந்தார்கள். சுவரில் ஒரு கடிகாரம், லியோந்திக்கு அலுவலகத்தில் பாராட்டாகக் கொடுத்தது. யார் வந்தாலும் அக்கா அதைக் காட்டாமல் விடமாட்டாள். எதற்குக் கொடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தம்பி கெட்டிக்காரன், அதனால் கொடுத்தார்கள், அவ்வளவுதான் அவளுக்கு.

"மண்ணு கொண்டு வந்தியாடா?" என்றாள்.

இந்தப் பைத்தியக்காரத்தனமான ஒன்பது நாளில் அவள் கேட்டது அது ஒன்றுதான். மேலே புதுக் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கு ஓர் இடம் இருந்தது. சுற்றி நீல வேலி, உள்ளே ஒரு பெஞ்சு. அம்மா உஸ்தீன்யாவின் சிலுவை. பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டிச் சிலுவை, பதினோரு நாளே இருந்த அக்காவின் பெண் குழந்தைக்கு. அதற்கு அடுத்து ஓர் ஆள் படுக்கிற அளவுக்குக் காலி இடம், அக்காவுக்கு. அம்மாவை நாற்பத்து மூன்றில் பழைய ஊரில் புதைத்தார்கள். ஐம்பத்தைந்தில் தண்ணீர் வருமுன் எலும்பை எடுத்து மேலே கொண்டுவந்தார்கள். முதலில் கிடந்த குழியிலிருந்து ஒரு கை மண் கிடைத்தால், தன் சவப்பெட்டியில் போட வைத்துக்கொள்ளலாம் என்பது அக்காவின் ஆசை.

"நாளைக்குப் போறேன்க்கா" என்றார் லியோந்தி. "மூணாவது வரிசை, பதினோராவது. எண்ணிப் பாத்துட வேண்டியதுதான். வாசல்லேருந்துதானே எண்ணுவாங்க?"

"வேற எங்கேருந்து எண்ணுவாங்க."

"மேற்கு வாசல்."

கத்தி நின்றது. "மேற்கா? கிழக்குடா, மடையா."

"படத்துல மேற்குக்கா."

"படம் கிடக்கு. பிப்ரவரி மாசம் காலைல அம்மாவை வச்சுட்டு வெளிய வரோம், வெயில் நேரா மூஞ்சில அடிக்குது. உன் கண்ணு கூசுதுன்னு உன்னை என் கோட்டுக்குள்ள இழுத்து வச்சுக்கிட்டேன். மறந்துட்டியா?"

கோட்டை மறக்கவில்லை. கோட்டுக்குள் இருட்டாக இருந்தது, புகையிலை வாசம் வந்தது, அப்பாவின் கோட்டு அது. வெயில் எங்கிருந்து வந்தது என்று அந்த இருட்டுக்குள்ளிருந்து பத்து வயசுப் பையனுக்கு எப்படித் தெரியும்? அக்காவுக்கு வயசாகிவிட்டது, குழப்பிக்கொள்கிறாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு படுத்தார். ஆனால் தூக்கம் சரியாக வரவில்லை.

மறுநாள் காலை ஓர் இரும்புக் கம்பியும் ஊறுகாய் போடுகிற கண்ணாடி ஜாடியும் எடுத்துக்கொண்டு பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். போர்க்காலக் குளிரில் வேலி, வாசற்கதவு, சிலுவை எல்லாவற்றையும் பிடுங்கி அடுப்பில் போட்டுவிட்டார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வரிசை வரிசையாக மேடு தட்டியிருந்தது மட்டும் சேற்றுக்கடியில் தெரிந்தது. மேற்கு ஓரத்திலிருந்து மூன்றாவது வரிசை, பதினோராவது. கம்பியைக் குத்தினார். வெண்ணெயில் இறங்குவது போல் கைப்பிடி வரைக்கும் இறங்கியது. தோண்டி எடுத்த குழிதான். லியோந்திக்கு அப்பாடா என்றிருந்தது. பார்த்தாயா அக்கா, படம் சரி, நீதான் தப்பு என்று சத்தமாகவே சொன்னார். ஜாடி நிறைய மண்ணை அள்ளிக்கொண்டார்.

திரும்பும்போது கிழக்கு ஓரமாக நடந்தார், அந்தப் பக்கம் சேறு கொஞ்சம் கெட்டியாக இருந்ததால். கால் எதிலோ இடறியது. சதுரமாகச் செதுக்கிய கல். நான்கு அடி தள்ளி அதே மாதிரி இன்னொன்று. இரண்டு கல்லிலும் துருப்பிடித்த இரும்புக் கீல் நீட்டிக்கொண்டிருந்தது.

கீல் எதற்கு இருக்கும்? கதவுக்குத்தான் இருக்கும். லியோந்தி அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து எழுந்து, அந்தக் கல்லிலிருந்து எண்ணினார். மூன்றாவது வரிசை, பதினோராவது. குத்தினார். கம்பி வண்டலைத் தாண்டி ஒரு முழம் இறங்கி, நின்றுவிட்டது. ஏறி மிதித்தார். இறங்கவில்லை. பக்கத்து மேடு, அதற்கடுத்த மேடு, எல்லாமே இறுகிக் கிடந்தன. இந்தப் பக்கம் யாரும் மண்வெட்டியே வைக்கவில்லை. மேற்குப் பக்கம் ஓடிப் போய்ப் பத்து இடத்தில் குத்திப் பார்த்தார். பத்தும் பொதபொதவென்று இறங்கின.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது; வராமலே இருந்திருக்கலாம். எலும்பை எடுக்க வந்த கூலி ஆட்கள் வெளி மாவட்டத்துக்காரர்கள். நோய் பரவும் என்று சொல்லி ஊர்க்காரர்கள் ஒருவரையும் கீழே விடவில்லை. சரியான படம் இரும்புப் பெட்டியில். மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு யார் அனுமதிச் சீட்டு கொடுப்பார்கள்? அவர்கள் கையில் கொடுத்தது லியோந்தி வரைந்த படம். அவர்கள் பாவம், படத்தில் இருந்த வாசலிலிருந்து ஒழுங்காகத்தான் எண்ணியிருக்கிறார்கள். பெட்டிக்குப் பெட்டி பேர் எழுதி ஆணியடித்து மேலே அனுப்பினார்கள். லியோந்தி அந்த மாதம் வேறு ஊரில் வேறு ஒரு ஓடையை நகர்த்திக்கொண்டிருந்தார்.

அதோடும் முடியவில்லை. சதுரத்துக்கு மூன்று பிழை என்பதுதான் உத்தரவு. கல்லறைத் தோட்டம் இருந்த சதுரத்தில் மூன்று பிழையும் செய்து முடித்திருந்தார். வருஷக் கடைசி, இலக்குக்கு மேலே வேலை செய்தவர்களுக்குப் பரிசு உண்டு என்றார்கள். இளவயசு, ஆசை. நாலாவதாக வாசலைத் தூக்கி எதிர்ப் பக்கம் வைத்தார். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தேவையில்லை. நூற்றுப் பன்னிரண்டு சதவீதம் என்று மேடையில் கூப்பிட்டுக் கைதட்டி, சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள்.

அவர் வீட்டுக்கு வந்தபோது அக்கா ஜாடியை இரண்டு கையாலும் வாங்கி முத்தமிட்டாள். சாமி படத்துக்குக் கீழே வைத்து விளக்கைத் தூண்டினாள். "போதும்டா லியோன்யா. இனிமே எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றாள். நடந்ததைச் சொல்லிவிட நினைத்தார் அவர். அன்றைக்கும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. யாரோ ஒருவருடைய மண் சாமிக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. சொல்லாவிட்டால் அக்கா நிம்மதியாகச் சாவாள். ஆனால் யாருக்குப் பக்கத்தில் போய்ப் படுப்பாள்? நினைக்க நினைக்கத் தலை கால் புரியவில்லை. சூப்பில் இரண்டு முறை உப்புப் போட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிம்மா தேநீர் குடிக்க வந்தாள். சனிக்கிழமை மத்தியானம் மதகை மூடுகிறார்கள் என்றாள். கடிகாரம் ஆறு அடித்தது.

"இந்தக் கடியாரம் பாத்தியாம்மா?" என்றாள் அக்கா. "என் தம்பி வேலையைப் பாத்துக் கொடுத்தது. நாப்பது வருஷம் ஆச்சு, ஒரு நிமிஷம் தப்பினதில்ல."

லியோந்தி எழுந்தார். கடிகாரத்தை ஆணியோடு பிடுங்கித் தரையில் வைத்தார், ஓடிக்கொண்டிருந்தது நின்றது. ரிம்மா தேநீரை அப்படியே வைத்துவிட்டு, திருதிருவென்று விழித்து, வீட்டில் வேலை இருக்கிறது என்று கிளம்பினாள்.

"குடிச்சிருக்கியாடா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா." அவர் சொன்னார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததையும் மீறிச் சொன்னார். ஜன்னல் இல்லாத அறை, மூன்று பிழை, நாலாவது பிழை, கீல், கம்பி, எல்லாம். சொல்லி முடிக்கும்வரை அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தபோது அவளுடைய கை காற்றில் நின்றிருந்தது, சிலுவை போட்டுக்கொள்ள ஆரம்பித்துப் பாதியில் மறந்துபோன மாதிரி.

"அப்ப அம்மா?"

"கீழதான்க்கா இருக்கா. அவளை யாரும் தொடவே இல்ல."

"தண்ணிக்கடியிலயா? இத்தனை வருஷமும்?"

"ஆமா."

அவள் வேலி வர்ணத்தைப் பற்றி என்னவோ முணுமுணுத்தாள். வருஷா வருஷம் நீலம் அடிக்கிறாள் அல்லவா. பிறகு திடீரென்று நிமிர்ந்தாள்.

"அப்ப என் குழந்தை?" என்றாள். "என் குழந்தை யாரு பக்கத்துலடா படுத்திருக்கு?"

லியோந்திக்கு அழுகை வந்துவிட்டது. "தெரியலக்கா."

"பாட்டி பாத்துக்குவான்னு நம்பித்தானேடா அங்க வச்சேன்! பதினோரு நாள் பிள்ளைடா அது! தெரியலன்னா என்னடா அர்த்தம்? நீதானே வரைஞ்ச!"

"அந்த மேற்கு ஓரத்துல யாரு இருந்தாங்கன்னு..."

"எனக்குத் தெரியும் யாரு இருந்தாங்கன்னு! போர் நடந்தப்ப ஊரை விட்டு ரயில்ல வந்து இறங்கினவங்க. பேரு ஊரு தெரியாதவங்க, வந்த மறுநாளே செத்தவங்க. அவங்கள்ல யாரோ." அவள் முன்னும் பின்னும் ஆடினாள். "ஞாயித்துக்கிழமை தவறாம போயி எல்லாத்தையும் சொன்னேனேடா. என் புருஷன் அடிச்சதுலேருந்து எல்லாத்தையும். அது ஆம்பளையா பொம்பளையான்னு கூடத் தெரியாது எனக்கு! ஆம்பளையா இருந்தா என் மானம் என்னத்துக்காகும்?"

இதைக் கேட்டு அவருக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. அக்கா ஒரு உருளைக்கிழங்கை எடுத்து அவர் மேல் எறிந்தாள். நன்றாகவே பட்டது.

"என்னைக் கீழ கூட்டிட்டுப் போ" என்றாள் அக்கா.

சனிக்கிழமை காலை சவேலி டிராக்டருக்குப் பின்னால் வண்டியை மாட்டி, வைக்கோல் பரப்பி, அக்காவைத் தூக்கி உட்கார வைத்தார். எதற்கு, எங்கே என்று கேட்டார். லியோந்தி அவருக்கும் சொல்லிவிட்டார். ஒருமுறை சொன்னபிறகு நாக்கு பழகிவிட்டது.

சவேலி டிராக்டரை நிறுத்தினார். "எதிரி வழி தப்பணும்னா செஞ்சீங்க?"

"ஆமா."

"எதிரி வரவே இல்லயே, மகாரிச். நாமதானே தப்பிப்போனோம்." பிறகு திரும்பிப் பார்த்தார். "அப்ப எங்கப்பா? அஞ்சாவது வரிசை, ரெண்டாவது."

"அவரும் கீழதான்."

"மேல சிலுவையடியில நான் வோத்கா ஊத்திக்கிட்டிருக்கேனே, அது யாரு?"

"தெரியாது, சவேலி."

"குடிக்கிற ஆளான்னாவது தெரியுமா?"

லியோந்தி தலையைக் குனிந்துகொண்டார். "உங்களை நான் அடிக்கணும்" என்றார் சவேலி. "அடிக்கிறேன். முதல்ல அக்காவை இறக்கிட்டு வரலாம்." டிராக்டரைக் கிளப்பினார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று இருக்கும். கிழக்கு வாசல் கல்லைத் தாண்டும்போது அக்கா கீலைத் தொட்டுப் பார்த்தாள். மூன்றாவது வரிசை, பதினோராவது மேட்டின் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வைத்தார்கள். சவேலி அப்பாவைத் தேடிக்கொண்டு ஐந்தாவது வரிசைக்குப் போனார்.

"அம்மா, நான்தான் கிளாஷா" என்றாள் அக்கா. "உன்கிட்ட வந்து ரொம்ப நாளாச்சு. என் தப்பு இல்ல. யாரு தப்புன்னு அப்புறம் சொல்றேன்." லியோந்தியை ஒரு பார்வை பார்த்தாள். "ஐம்பத்தஞ்சுல விட்டது. அதுலேருந்து சொல்றேன், கேட்டுக்கோ."

சொன்னாள். வீட்டு மரத்துக்கெல்லாம் நம்பர் போட்டுக் கழற்றி மேலே கொண்டுபோனதை, மறுபடி கட்டினபோது கதவு சரியாக மூடாமல் முதல் குளிர்காலம் முழுக்க ஆட்டுத்தோலைத் தொங்கவிட்டதை, கண்ணாடிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்ததை, ஐம்பத்தேழில் கல்யாணம் ஆனதை. ஒன்றும் விடவில்லை. கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை, வராதவர்கள் ஏன் வரவில்லை. அணைப் பக்கமிருந்து சங்கு ஊதியது. மதகை மூடிவிட்டார்கள்.

"அக்கா" என்றார் லியோந்தி.

"இரு. ஐம்பத்தெட்டுலதான் இருக்கேன்."

ஓடை முதலில் பின்னோக்கி ஓட ஆரம்பித்தது. அப்புறம் சேற்றுப் பள்ளங்களில் எல்லாம் தண்ணீர் மினுமினுத்தது. தூரத்தில் ஜனங்கள் அடுப்பையும் சண்டையையும் விட்டுவிட்டு மேடேறிக்கொண்டிருந்தார்கள். லியோந்தி ஜாடியிலிருந்த மண்ணைக் கொட்டிக் கழுவி, அம்மாவின் காலடியிலிருந்து மண்ணை அள்ளினார்.

"ஐம்பத்தொம்பதுல உனக்கு ஒரு பேத்தி பொறந்தா" என்றாள் அக்கா. "உஸ்தீன்யான்னு உன் பேருதான் வச்சேன். பதினோரு நாள் இருந்தா. எட்டாவது நாள் என் விரலைப் பிடிச்சா. இதெல்லாம் உனக்குத் தெரியாது, இல்லயாம்மா? உனக்குத் தெரியும்னே நெனச்சிட்டிருந்தேன்."

தண்ணீர் வாளியைச் சுற்றி வந்துவிட்டது. சவேலி ஓடி வந்து, லியோந்தியும் ஒரு பக்கம் பிடித்து, அவளை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் போட்டார்கள். வாளி மிதந்துகொண்டு போனது. வழி நெடுக அக்கா அந்த ஜாடியை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தாள்.

சவேலி அடிப்பதாகச் சொன்னதை மறந்துவிட்டார். அதற்குப் பதில் ஊர் பூராவும் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மேலே புதுக் கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. படைப்பதற்குக் கையில் அவித்த முட்டையும் ரொட்டியுமாக வந்தவர்கள் தங்கள் சிலுவை முன்னாலேயே பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றார்கள். கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. மருந்துக்கடைக்காரி தன் தாத்தா சிலுவையைப் பார்த்து, "மன்னிக்கணும், நீங்க யாருங்க?" என்று கேட்டுவிட்டு அவளே வெட்கப்பட்டாள். லியோந்தியைப் பார்த்ததும் வழி விட்டார்கள். யாரும் திட்டவில்லை, அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை. ரிம்மா மட்டும் பக்கத்தில் வந்து, "நாளைக்கு வாங்க, லியோந்தி மகாரிச். வாசலை அதோட இடத்துல வரைஞ்சு கொடுங்க" என்றாள்.

நீல வேலிக்குள் அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். லியோந்தி வெள்ளை வர்ணமும் தூரிகையும் கொண்டுவந்திருந்தார்.

"பேரை அழிச்சிடட்டுமாக்கா? உன் இடத்தையும் வேற எங்கயாவது மாத்தணும்னா, பாப்பாவையும் சேத்து..."

"எதையும் தொடாதே" என்றாள் அக்கா. "நீ தொட்டது போதும்."

அவர் தூரிகையைக் கீழே வைத்தார்.

"ராத்திரி பூரா யோசிச்சேன். இது பொம்பளைதான். ஆம்பளைன்னா இவ்வளவு நேரம் கேட்டிருக்க மாட்டான்." குட்டிச் சிலுவையின் மேல் ஒட்டியிருந்த இலையை எடுத்துப் போட்டாள். "முப்பத்தேழு வருஷமா என் பிள்ளையை வச்சுக்கிட்டிருக்கிறவ இவ. யாரு பிள்ளைன்னு கேட்டாளா? இங்கதான் நான் படுப்பேன். அந்த ஜாடியை இப்படிக் கொடு."

வாங்கினாள். பெட்டியில் போடுவதற்காகக் கேட்ட மண். தன் காலி இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, குனிய முடியாமல் குனிந்து, ஒரு பிடி கூட மிச்சம் வைக்காமல் அவ்வளவையும் அந்த முகம் தெரியாதவளின் மேட்டில் கொட்டினாள். கையால் பரப்பித் தட்டிவிட்டாள்.

"இதுதான் எங்கம்மா" என்று அந்த மேட்டைப் பார்த்துச் சொன்னாள். "ஐம்பத்தொம்பது வரைக்கும் நான் சொல்லிட்டேன். மிச்சத்தை நீ சொல்லிடு. பாப்பாவை முதல்ல அவ கையில கொடு, அப்புறம் உக்காந்து சொல்லு."